‘பிங் போகுது சார்’: அப்ளிகேஷன் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆப் டீம் நண்பர்களே,

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரிந்திருக்கும். இரவு பதினொரு மணி பிரிட்ஜ் காலில், யாரும் பேசாத ஒரு இடைவெளி பார்த்து, “நெட்வொர்க்ல ஒண்ணும் இல்ல சார், பிங் போகுது” என்று சொல்லிவிட்டு மறுபடி மியூட்டுக்குள் போய்விடுகிற குரல். சென்னையின் தரவு மையங்களில் ஸ்விட்சும் கேபிளுமாக இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. சொன்னபோதெல்லாம் பிங் போகத்தான் செய்தது. நீங்கள் கேட்டது வேறு ஏதோ.

இந்த மடலில் பாதி மன்னிப்பு. மீதிப் பாதி உங்கள்மேல் எனக்குள்ள குறைகள். முதல் பாதியை முதலில் முடித்துவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மாதக் கடைசி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பல ஆயிரம் பேருக்குச் சம்பளம் போடுகிற மென்பொருள், மாலை ஏழு மணிக்குமேல் மந்தமாகிவிட்டது. முழுதாகப் படுத்திருந்தால் அரை மணியில் எழுப்பியிருப்போம். இது படுக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. ஒருவருக்குச் சட்டென்று திறக்கிறது, பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவரே மறுபடி அழுத்தினால் திறந்துவிடுகிறது. பிரிட்ஜ் காலில் டிபிஏ தன் சிபியு வரைபடத்தைக் காட்டினார், முப்பது சதவீதம். சர்வர்காரர் மெமரியைக் காட்டினார், ஸ்டோரேஜ்காரர் தன் பங்குக்கு ஒன்றைக் காட்டினார். நான் என் டாஷ்போர்டைப் பகிர்ந்தேன். அத்தனையும் பச்சை. நான்கு அணி, நான்கு பச்சைத் திரை, சம்பளம் மட்டும் நகரவில்லை.

ஒன்பதரை மணி வாக்கில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு பெண் உங்கள் பக்கத்திலிருந்து பேசினார். “சார், லாக் எல்லாம் எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். கனெக்ஷன் லேட்டாகுறது எல்லாமே சரியா ஒரு செகண்ட் லேட்டாகுது. சிலது மூணு செகண்ட். ஒரே ஒண்ணு ஏழு. நடுவுல ஒண்ணரை, ரெண்டுன்னு எதுவுமே இல்ல.”

நான் சொன்ன பதில்: “உங்க கோட்ல எங்கயாவது ஸ்லீப் போட்டு வெச்சிருப்பீங்க, நல்லா பாருங்கம்மா.” நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் மியூட்டுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதுதான் விடை என்று எங்களுக்குப் புரிந்தபோது விடிகாலை ஐந்தே முக்கால்.

நடந்தது இதுதான். ஒரு சர்வர் இன்னொரு சர்வரோடு பேச ஆரம்பிக்கும்முன் ‘வரலாமா’ என்று கேட்டு ஒரு சிறிய பாக்கெட் அனுப்புகிறது. சின் என்று அதற்குப் பெயர். பதில் வராவிட்டால் அன்று எங்களிடம் ஓடிய லினக்ஸ் ஒரு செகண்ட் பொறுத்திருந்து மறுபடி கேட்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு செகண்ட், பிறகு நான்கு செகண்ட் என்று பொறுமையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். தொடக்கத்திலிருந்து கூட்டிப் பாருங்கள்: ஒன்று, மூன்று, ஏழு. அந்தப் பெண்ணின் லாகில் இருந்தது பாக்கெட் தொலைந்ததற்கான கைரேகை. ஒன்று என்றால் ஒருமுறை தொலைந்தது, மூன்று என்றால் இருமுறை, ஏழு என்றால் மும்முறை. இதை நான் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். நடத்தியவன்தான் சிரித்ததற்கும் காரணம்.

பாக்கெட் எங்கே தொலைந்தது? ஒரு ரேக்கின் தலைமாட்டு ஸ்விட்சிலிருந்து மேலடுக்கு ஸ்விட்சுகளுக்கு நான்கு ஃபைபர்கள் போயின. நான்கில் ஒன்றின் கனெக்டரில் அழுக்கு. கண்ணாடி இழையின் நடுவே ஒளி ஓடுகிற பகுதி சுமார் ஒன்பது மைக்ரான்தான், தலைமுடித் தடிமனில் ஏழில், எட்டில் ஒரு பங்கு. அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் ஒளி மங்கும், சில பாக்கெட்டுகள் சிதைந்து போய்ச்சேரும், சேர்கிற இடத்தில் ஸ்விட்ச் அவற்றைச் சத்தமில்லாமல் குப்பையில் போடும். லிங்க் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

சரி, நான்கில் ஒரு பாதை பழுது என்றால் என் பிங் ஏன் அதைப் பார்க்கவில்லை? பரனூர் மாதிரி ஒரு டோலில் நான்கு வழி இருக்கிறது, ஆனால் வண்டி நம்பரைப் பார்த்துத்தான் வழி ஒதுக்குவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நம்பருள்ள வண்டி தினமும் ஒரே வழியில்தான் போகும். ஸ்விட்சும் அப்படித்தான். அனுப்புகிறவர் முகவரி, பெறுகிறவர் முகவரி, இருபக்கப் போர்ட் எண்கள், எந்த வகைப் பேச்சு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, ஒரு உரையாடலின் எல்லாப் பாக்கெட்டையும் ஒரே பாதையில் தள்ளும். பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போய்ச்சேரக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. பிங்குக்குப் போர்ட் எண் கிடையாது. என் கண்காணிப்பு சர்வரிலிருந்து கிளம்பும் பிங் அன்றைக்கும் அதற்கு முந்தைய ஆறு மாதமும் நல்ல பாதையிலேயே போய் நல்ல பாதையிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. உங்கள் பயனர்களின் உரையாடலுக்கு ஒவ்வொரு முறையும் வேறு போர்ட், ஆகவே நான்கில் ஒன்று அழுக்குப் பாதையில் போனது. மறுபடி அழுத்தினால் திறந்ததும் அதனால்தான்.

பிங் தப்பித்தவறி அந்தப் பாதையில் போயிருந்தாலும் பயனில்லை. மூன்று பிங் தொடர்ந்து தவறினால் மட்டும் அலாரம் அடி என்று அமைத்திருந்தோம். பத்தில் ஒரு பாக்கெட் தொலைகிற பாதையில் மூன்று அடுத்தடுத்துத் தொலைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. நடுராத்திரி வீண் அலாரம் அடித்துத் தூக்கம் கெடக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது. வைத்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிதைந்த பாக்கெட்டுகளை ஸ்விட்ச் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த எண்ணிக்கை பெறுகிற முனையில், மேலடுக்கு ஸ்விட்சின் போர்ட்டில் ஏறும். எங்கள் டாஷ்போர்டு டெம்ப்ளேட்டில் அனுப்புகிற முனையின் போக்குவரத்து மட்டுமே இருந்தது. ஐந்தே முக்காலுக்கு யாரோ தற்செயலாக மேல் ஸ்விட்சுக்குள் நுழைந்து பார்த்தபோது அந்த எண் லட்சங்களில் ஓடிக்கொண்டிருந்தது. பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது, கனெக்டருக்குள் விட்டு ஒரு அழுத்து அழுத்தினால் நுனியைத் துடைத்துவிடும். டக்கென்று ஒரு சத்தம். பத்தே முக்கால் மணி நேரக் கூத்து அந்தச் சத்தத்தோடு முடிந்தது.

பிங்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற நிரலர், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு சாயங்காலத்தில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிகள் ஒலி அனுப்பி எதிரொலி கேட்பதை நினைத்துப் பெயர் வைத்தார். ‘அங்கே யாராவது இருக்கிறீர்களா’ என்ற ஒரு கேள்விக்குத்தான் அது விடை சொல்லும். நாற்பது வருடமாக அதனிடம் போய் ‘அங்கே எல்லோரும் நலமா’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வரைபடங்களைப் பற்றியும் ஒப்புக்கொள்ளவேண்டியது உண்டு. 1995-இல் டோபி ஓட்டிக்கர் எழுதிய எம்ஆர்டிஜி என்ற கருவி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரூட்டரைக் கேட்டு வரைபடம் போடும். கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன, ஐந்து நிமிடப் பழக்கம் மட்டும் பல இடங்களில் போகவில்லை. ஐந்து நிமிடம் என்பது 3 லட்சம் மில்லிசெகண்ட். இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் மூன்றாவது ஒன்றுக்கு முழு வேகத்தில் அனுப்பினால், 10 கிகாபிட் போர்ட்டில் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஒன்றேகால் மெகாபைட் தேங்கும். அந்தப் போர்ட்டுக்கு ஒதுக்கிய பஃபர் ஒரு மெகாபைட் என்றால், ஒரு மில்லிசெகண்ட் முடிவதற்குள் நிரம்பி வழிந்துவிடும். வழிந்தது வழிந்ததுதான். என் வரைபடத்தில் அது 12 சதவீதம் என்று ஒரு சாதுவான கோடாகத் தெரியும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை என்பது நல்ல சராசரி. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூரில் அன்றைக்கு மொட்டைமாடியில் நின்றவரிடம் ஆண்டு சராசரியைக் காட்டுகிற வேலையைத்தான் நாங்கள் பிரிட்ஜ் காலில் செய்துகொண்டிருந்தோம்.

ஒரு பாக்கெட் தொலைவது அவ்வளவு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம், டிசிபி தானே மறுபடி அனுப்பிவிடுகிறதே என்று. அனுப்பும். எப்போது என்பதுதான் கேள்வி. ஒரே கட்டடத்துக்குள் ஒரு பாக்கெட் போய்வர ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். அது தொலைந்து, தொலைந்ததைக் காட்டிக்கொடுக்கப் பின்னால் வேறு பாக்கெட்டும் வராவிட்டால், லினக்ஸ் குறைந்தது 200 மில்லிசெகண்ட் காத்திருக்கும். இரண்டாயிரம் மடங்கு. கீழே டீக்கடைக்குப் போய்வர ஒரு நிமிடம் ஆகும் ஆளை அனுப்பிவிட்டு, அவர் வராததால் அடுத்த ஆளை முப்பத்து மூன்று மணி நேரம் கழித்து அனுப்புவதற்குச் சமம்.

இதை உங்கள் மைக்ரோசர்வீஸ்களோடு பெருக்குங்கள். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோஸோவும் 2013-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு. ஒரு சர்வர் நூறில் ஒருமுறைதான் மந்தமாகிறது, ஆனால் ஒரு கோரிக்கைக்கு விடைசொல்ல நூறு சர்வர்களைக் கேட்கவேண்டியிருக்கிறது என்றால், நூறு பயனரில் 63 பேர் அந்த மந்தத்தில் மாட்டுவார்கள். 0.99-ஐ நூறுமுறை பெருக்கிப் பார்த்தால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். “99 சதவீதம் நல்லாத்தான் இருக்கு” என்று நான் சொன்னதன் பொருள் அதுவாக இருந்திருக்கிறது.

எங்களைவிடப் பெரிய வீட்டிலும் இதே சண்டைதான் என்பது ஒரு ஆறுதல். மைக்ரோசாஃப்டின் தரவு மையங்களில் எந்தச் சிக்கலுக்கும் முதல் கேள்வி ‘இது நெட்வொர்க்கா’ என்பது. அதற்கு ஒரேயடியாக விடைகாண அவர்கள் பிங்மெஷ் என்று ஒன்றைக் கட்டி, 2015-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். எண்ணம் மிக எளிது. தனியாகக் கண்காணிப்பு சர்வர் என்று ஒன்று வேண்டாம், எல்லா சர்வர்களுமே மற்ற சர்வர்களை ஓயாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அதுவும் பிங்கால் வேண்டாம், அப்ளிகேஷன் பேசுகிற அதே டிசிபியால். ஒரு நாளைக்கு 20,000 கோடித் தொடுதல்கள். தொலைந்த பாக்கெட்டை எண்ண அவர்கள் செய்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்களுடைய சர்வர்களில் சின் பாக்கெட்டுக்கான முதல் காத்திருப்பு மூன்று செகண்ட். ஆகவே மூன்று செகண்டை ஒட்டிய விடைகளை எண்ணினால் ஒருமுறை தொலைந்தவை, ஒன்பதை ஒட்டியவை இருமுறை தொலைந்தவை. நம் பெண் லாகில் பார்த்ததும் அதே உபாயம்தான். அவர்கள் அதற்குக் கட்டுரை எழுதினார்கள், நாங்கள் சிரித்தோம்.

அந்தக் கட்டுரையில் ஒரு சம்பவம். ஒரு தரவு மையம் முழுக்கப் பயனர்களுக்குத் தாமதம் கூடியது. பத்தாயிரத்திலோ லட்சத்திலோ ஒன்று தொலைகிற இடத்தில், ஆயிரத்துக்கு இரண்டு தொலைந்துகொண்டிருந்தது. ஸ்விட்சுகளின் எண்ணிக்கைகளில் ஒரு தடயமும் இல்லை, ஸ்விட்ச் தான் கைவிட்டதைத் தானே அறியவில்லை. முனைகளிலிருந்து அளந்து பாதைகளை ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் மேலடுக்கில் ஒரு ஸ்விட்சைப் பிடித்தார்கள். உள்ளே ஒரு பாகம் பிட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. இதைப் படித்த பிறகு, ஸ்விட்சிடமே போய் ‘நீ நலமா’ என்று கேட்டு அதன் பதிலை உங்களிடம் ஒப்பிக்கிற வழக்கத்தை விட்டுவிட்டேன்.

அதே ஆட்கள் அதே கட்டுரையில் இன்னொன்றும் சொல்கிறார்கள், நெட்வொர்க் பிரச்சினை என்று வந்தவற்றில் ஏறத்தாழப் பாதி நெட்வொர்க்கால் வந்தவை அல்ல என்று. இங்கிருந்து மடலின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. நாற்காலியைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

ஒருமுறை டிஆர் ஒத்திகைக்காக ஒரு டேட்டாபேஸை மும்பைக்கு மாற்றினார்கள். ஆப் சர்வர்கள் சென்னையிலேயே இருந்தன. மறுநாள் காலை, ஒரு திரை திறக்க நாலேகால் செகண்ட். “நெட்வொர்க் ஸ்லோ” என்று டிக்கெட் வந்தது. பார்த்தால், அந்த ஒரு திரைக்கு 180 குவெரி, ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. பக்கத்து ரேக்கில் டேட்டாபேஸ் இருந்தவரை ஒன்றுக்கு 0.3 மில்லிசெகண்ட், மொத்தம் 54, யாருக்கும் தெரியவில்லை. மும்பைக்குப் போய்வர 24. பெருக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் ஒளி செகண்டுக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், நேர்கோட்டிலேயே மும்பை ஆயிரம் கிலோமீட்டருக்குமேல், கேபிளோ நெடுஞ்சாலையும் தண்டவாளமும் வளைகிறபடியெல்லாம் வளைந்து போகிறது. எவ்வளவு பெரிய லிங்க் வாங்கினாலும் அந்த 24 மூன்றாகாது. ஆனாலும் பேண்ட்வித்தை இரட்டிப்பாக்கச் சொல்லி மேலிடம் பணம் ஒதுக்கியது. கூட்டத்தில் நான் இயற்பியல் பேசி வாயடைத்தேன். குவெரிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதலாம் என்று அன்றே உங்களோடு உட்கார்ந்திருக்கவேண்டும், உட்காரவில்லை. டிக்கெட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். திரை ஐந்து வாரம் அப்படியே நாலேகால் செகண்டில் திறந்துகொண்டிருந்தது.

இன்னொரு வழக்கமான நாடகம் உண்டு, எல்லா ஊரிலும் ஒரே கதை. தினமும் காலையில் முதலில் லாகின் செய்கிறவருக்கு மட்டும் தொங்கும், அடுத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கனெக்ஷன் பூல் இரவு முழுக்கச் சும்மா இருக்கிறது. நடுவில் உள்ள ஃபயர்வால், ஒரு மணி நேரம் பேச்சில்லாத கனெக்ஷனைத் தன் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் சொல்லாது. லினக்ஸில் கீப்அலைவை நீங்கள் இயக்கியிருந்தாலும் முதல் விசாரிப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும், அதுதான் அதன் தொடக்க அமைப்பு. காலையில் வருகிறவர் செத்துப்போன கனெக்ஷனில் ஒரு கேள்வியை எழுதுகிறார். டிசிபி மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்து, கைவிடக் கிட்டத்தட்டப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அதற்குள் அவர் எனக்குப் போன் செய்துவிடுகிறார். நான் பிங் செய்கிறேன், போகிறது. கீப்அலைவை அரை மணிக்குக் கீழே வைத்துவிட்டால் இந்த நாடகமே இல்லை. ஃபயர்வாலின் ஒரு மணி நேரம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் பூல் எங்களுக்குத் தெரியாது. இதைப் பற்றிப் பேசிக்கொள்ள எந்தக் கூட்டமும் காலண்டரில் இல்லை.

ஐந்து செகண்ட் தாமதம் கண்டால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள், பட்டியலில் முதலில் உள்ள சர்வர் செத்திருந்தால் லினக்ஸ் ஐந்து செகண்ட் காத்திருந்துதான் அடுத்ததிடம் போகும். நாற்பது மில்லிசெகண்ட் என்றால், சிறு சிறு துண்டாக எழுதுகிற கோடும் ஒப்புகையைத் தாமதிக்கிற மறுபக்கமும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள். லாகின் ஆகிறது, ஆனால் பெரிய கோப்பு ஏற்றினால் உறைந்துவிடுகிறது என்றால் பாக்கெட் அளவு. விஎக்ஸ்லான் உறை போட்டால் 50 பைட் கூடும், நடுவே எங்காவது 1500-க்கு மேல் விடாத ஒரு போர்ட் இருந்தால் சிறியவை போகும், பெரியவை காணாமல் போகும். பிங் சிறியது. சொல்லவேண்டியதில்லை.

ரீட்ரை பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நானூறு கஜத் தூரத்தில், செகண்டுக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலில் பாக்கெட் தொலைய, தொலைந்ததை எல்லோரும் உடனே திருப்பி அனுப்ப, அதனால் நெரிசல் கூடியது. வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து, தொலைந்தால் வேகத்தைக் குறை என்ற ஒழுக்கத்தை டிசிபிக்குக் கற்றுக்கொடுத்தார். இன்றுவரை இணையம் நிற்பது அந்த ஒழுக்கத்தில். அதன் தலைமேல் உட்கார்ந்துகொண்டு நீங்கள், விடை வராவிட்டால் மூன்றுமுறை முயற்சி செய் என்று நான்கு அடுக்கிலும் எழுதுகிறீர்கள். மேலே ஒரு அழுத்தல் கீழே டேட்டாபேஸுக்கு 81 அடியாகப் போய்விழுகிறது. எங்கள் அழுக்கு கனெக்டர் பத்து சதவீதம்தான் கெடுத்தது. அன்றிரவு மீதியைக் கெடுத்தது அந்த மூன்றுகள். ஆர்சிஏவில் இது வரவில்லை, நானும் எழுதவில்லை, அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல முகம் இல்லை.

இப்போது எங்கள் பக்கம் என்ன செய்திருக்கிறோம் என்று சொல்கிறேன். ஒவ்வொரு ரேக்கிலும் குறைந்தது இரண்டு சர்வர்களில் ஒரு சிறு ஏஜென்ட் ஓடுகிறது. பத்து செகண்டுக்கு ஒருமுறை மற்ற ரேக்குகளுக்கு டிசிபி கனெக்ஷன் போட்டுப் பார்க்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு போர்ட்டிலிருந்து, டோலின் எல்லா வழியும் மிதிபடும்படி. ஒருமுறை சிறிய பாக்கெட், ஒருமுறை முழு அளவு. சராசரியை டாஷ்போர்டிலிருந்தே தூக்கிவிட்டோம், நூறில் கடைசி ஒருவருக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் முதல் வரி. மேலும் கீழுமாக இரண்டு முனைகளின் பிழை எண்ணிக்கையும் இருக்கிறது, ஒளியின் வலு குறைந்துகொண்டே போனால் முன்கூட்டியே தெரிகிறது. வெளியிலிருந்து பார்க்க மதுரையில் ஒரு வீட்டு பிராட்பேண்டிலும் ஒரு மொபைல் சிம்மிலும் ஆளுக்கொரு பெட்டி வைத்திருக்கிறோம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே மறைந்தபோது, சரிசெய்யத் தேவையான உள்கருவிகளும் விழுந்த அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. ஆட்கள் கட்டடத்துக்கே நேரில் போகவேண்டி வந்தது. நம் பெட்டி இரண்டும் மலிவானவை, மின்வெட்டில் அணைந்துவிடும், ஆனால் நம் வீட்டுக்குள் இல்லை.

இவ்வளவும் பாதிதான். பாக்கெட் சர்வரின் வாசலைத் தாண்டி உள்ளே போனபின் நடப்பது எங்களுக்குத் தெரியாது, அது உங்கள் கையில். “ஏபிஐ கால் 1,240 மில்லிசெகண்ட்” என்று ஒரே வரியாக லாக் எழுதாதீர்கள். பெயர் தேட எவ்வளவு, கனெக்ஷன் கிடைக்க எவ்வளவு, டிஎல்எஸ் கைகுலுக்க எவ்வளவு, முதல் பைட் வர எவ்வளவு என்று நான்காகப் பிரித்து எழுதுங்கள். கர்ல் கருவியே இந்த நான்கையும் பிரித்துக் காட்டும், உங்கள் நூலகங்களும் காட்டும், கேட்டால். கனெக்ஷன் கிடைக்க ஆயிரம் என்று வந்தால் என்னை எழுப்புங்கள். கனெக்ஷன் ஒன்று, முதல் பைட் 1,200 என்றால் டிபிஏவை எழுப்புங்கள், என்னைத் தூங்க விடுங்கள். கோரிக்கை நுழையும் இடத்தில் ஒரு ட்ரேஸ் எண்ணைக் கட்டிவிட்டு, கடைசி சர்வீஸ் வரை அதை அறுந்துபோகாமல் கொண்டுபோங்கள். நடுவில் ஒரே ஒரு சர்வீஸ் அதைத் தொலைத்தாலும் நாங்கள் நேரத்தை வைத்துக் குத்துமதிப்பாகப் பொருத்தவேண்டியிருக்கிறது, உங்கள் சர்வர் கடிகாரங்கள் இரண்டு செகண்ட் முன்பின் ஓடினால் அதுவும் போச்சு.

டிக்கெட்டில் “காலையிலிருந்து ஸ்லோ” என்று எழுதுகிறீர்கள். எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை செகண்ட், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டிலிருந்து எந்தப் போர்ட்டுக்கு என்று எழுதுங்கள். அனுப்புகிற பக்கத்துச் சோர்ஸ் போர்ட்டை யாருமே எழுதுவதில்லை, அது என்ன தற்காலிக எண்தானே என்று. அந்த எண்தான் வண்டி நம்பர். அது இருந்தால் உங்கள் பாக்கெட் நான்கில் எந்த வழியில் போனது என்று ஸ்விட்சிடமே கேட்டு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

உங்களில் யாராவது பிரிட்ஜ் காலில் ஒரு விசித்திரமான எண்ணைச் சொன்னால், இப்போதெல்லாம் நான் பேனாவை எடுத்து எழுதிக்கொள்கிறேன். சொன்னவர் சேர்ந்து எத்தனை மாதம் என்று கேட்பதில்லை. அந்தப் பெண் அடுத்த மூன்று மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அன்று காலை ஆறு மணிக்கு, கனெக்டரைத் துடைத்துவிட்டு வந்து, “நீங்க சொன்னதுதாம்மா” என்று காலில் சொன்னேன். அவர் அதற்குள் ஷிஃப்ட் முடிந்து கிளம்பியிருந்தார். யார் போய்ச் சொன்னார்களோ, சொல்லவே இல்லையோ. இது அவர் கண்ணில் படுமானால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொன்னது சரி, நான் சிரித்தது தப்பு.

அந்தத் துடைக்கும் பேனா என் மேசை மேல் டிராயரில் இருக்கிறது. தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மியூட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்
உங்கள் நெட்வொர்க்காரன்

பி.கு.: சோர்ஸ் போர்ட்.